வீட்டிலேயே பிட்காயின் மைனிங்... சென்னை ஃபிளாட் வயரிங் தாங்குமா? ஈபி பில் எவ்வளவு எகிறும்?

"ஏசி ஓடுற பிளக்லதான் மாட்டப் போறேன், ஒண்ணும் ஆகாது." வீட்டில் கிரிப்டோ மைனிங் மெஷின் வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஏசி பிளக்கில் மைனிங் மெஷின் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஏசி போல அது ஓடாது. அந்த வித்தியாசம் தெரியாமல் மயிலாப்பூரிலோ, தி.நகரிலோ, அடையாறிலோ ஒரு பழைய ஃபிளாட்டில் இரண்டு மூன்று மெஷின்களை மாட்டினால், ஆபத்து அந்த ஒரு வீட்டோடு நிற்காது.

வீட்டு வயரிங் எதற்காகப் போடப்பட்டது, மைனிங் மெஷின் அதை என்ன செய்கிறது, சரியாகச் செய்ய என்ன வேண்டும், இவ்வளவும் செய்தால் காசு மிஞ்சுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மைனிங் மெஷின் என்ன செய்கிறது?

பிட்காயின் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்ய உலகம் முழுக்க உள்ள கணினிகள் ஒரு கணக்குப் புதிரைப் போட்டி போட்டுத் தீர்க்கின்றன. ஜெயிக்கிற கணினிக்குப் புதிய பிட்காயின் பரிசு. 2024 ஏப்ரலில் இந்தப் பரிசு பாதியாகக் குறைக்கப்பட்டு, ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின் என்று ஆனது.

ஒரு காலத்தில் அண்ணாசாலை பக்கம் ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து, ஆறேழு கார்டுகளை ஒரு ஸ்டாண்டில் அடுக்கி எத்தீரியம் மைனிங் செய்தார்கள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டதோடு அந்தக் கதை முடிந்தது. இப்போது பிட்காயினுக்கு என்றே தயாரிக்கப்பட்ட 'ஏசிக்' மெஷின்கள்தான். ஷூ பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சைஸில் இருக்கும். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த பழைய மெஷின்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதுதான் பலரையும் இழுக்கிறது.

ஒரு மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

பிரபலமான 'ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ' மாடலை எடுத்துக்கொள்வோம். அது எடுக்கும் மின்சாரம் 3,250 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் சுமார் 14 ஆம்பியர். புதிய எஸ்21 மாடல் 3,500 வாட், அதாவது 15 ஆம்பியருக்கு மேல்.

"பவர் பிளக் 16 ஆம்பியர்தானே, 14 உள்ளே அடங்கிடுச்சே" என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தப்புகிறது.

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட், அதாவது 6 அல்லது 7 ஆம்பியர் எடுக்கும். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கும் அல்லது வேகம் குறையும். கீசர் 2,000 வாட் எடுத்தாலும் கால் மணி நேரத்தில் ஆஃப் ஆகிவிடும். மிக்ஸி இரண்டு நிமிடம். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே கட் ஆகும். வீட்டு வயரிங் போடும்போது எலக்ட்ரிஷியன் நம்பிப் போடுவது இதைத்தான்: எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, ஓடினாலும் ரொம்ப நேரம் ஓடாது. இடையில் கிடைக்கும் ஓய்வில் வயரும் பிளக்கும் ஆறிவிடும்.

மைனிங் மெஷின் அந்த ஓய்வைக் கொடுப்பதே இல்லை. ராத்திரி, பகல், பொங்கல், தீபாவளி எல்லா நாளும் 14 ஆம்பியர்தான். சுவருக்குள் இருக்கும் வயருக்கு இது பழக்கமில்லாத வேலை.

சூடு முதலில் எங்கே வரும்?

பலரும் வயர் உருகும் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் முதலில் சூடாவது வயர் அல்ல, அது சேரும் இடங்கள். பிளக்கின் பின், சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை, சுவிட்ச் பின்னால் இருக்கும் ஸ்க்ரூ, டிபி பாக்ஸில் எம்சிபியின் முனை, கீழே மீட்டர் போர்டில் இருக்கும் ஃபியூஸ் கட்டை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்க்ரூ லூஸாகி, அங்கே 0.1 ஓம் மட்டும் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசியின் 6.5 ஆம்பியர் அதன் வழியே போனால் அந்தப் புள்ளியில் உண்டாகும் சூடு 4 வாட் சொச்சம். மைனிங் மெஷினின் 14 ஆம்பியர் போனால் 20 வாட். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதால் வரும் வித்தியாசம் இது. மொபைல் சர்வீஸ் கடையில் ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அதையே ஆன் செய்து, சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடியதற்குச் சமம்.

சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கும், ஸ்க்ரூ இன்னும் லூஸாகும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். சாக்கெட் மஞ்சளாவது, பிறகு பழுப்பாவது, மீன் வாடை போல ஒரு நாற்றம் வருவது எல்லாம் இந்தச் சுழற்சியின் அடையாளங்கள்.

பெசன்ட் நகர், மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் பித்தளை, செம்பு முனைகளில் பச்சை பூத்துப்போக வைக்கும். வெளியே பார்க்க சாக்கெட் புதுசு போலவே இருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய ஃபிளாட்டுகளில் என்ன சிக்கல்?

1970, 80-களில் கட்டிய ஃபிளாட்டுகள் இந்தப் பகுதிகளில் நிறைய. லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ், ஒரு கீசர் என்று கணக்குப் போட்டு வயரிங் செய்த காலம் அது. பிறகு ஏசி வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் இருக்கிற லைனிலேயே ஒரு பாயிண்ட் இழுத்திருப்பார்கள். டைல்ஸ் மாறியிருக்கும், பெயிண்ட் மாறியிருக்கும், சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, ஃபிளாட்டில் உங்கள் வயரிங் உங்கள் வாசலோடு முடிவதில்லை. அங்கிருந்து கீழே மீட்டர் போர்டு வரை ஒரு வயர் இறங்குகிறது. பல கட்டடங்களில் அந்த போர்டு இருப்பது மாடிப்படிக்கு அடியில். பக்கத்திலேயே எல்லாருடைய டூ வீலரும், அதில் பெட்ரோலும். உங்கள் மெஷின் இழுக்கும் கரண்ட் அந்த போர்டில் இருக்கும் ஃபியூஸ் கட்டை வழியாகத்தான் வர வேண்டும். அங்கே தீப்பிடித்தால் மேல் மாடியில் இருப்பவர்கள் இறங்க வேண்டிய படிக்கட்டிலேயே புகை ஏறும். "என் வீடு, என் மெஷின், என் கரண்ட் பில்" என்ற வாதம் அந்த மாடிப்படி வரைக்கும்தான் செல்லும்.

ட்ரிப் ஆனால் எம்சிபியை மாற்றலாமா?

கூடாது. எல்லாத் தப்பிலும் பெரிய தப்பு இதுதான், அடிக்கடி நடப்பதும் இதுதான்.

மெஷின் மாட்டி இரண்டு நாளில் 16 ஆம்பியர் எம்சிபி ட்ரிப் ஆகும். மறுபடி ஆன் செய்வார்கள், மறுபடி ட்ரிப் ஆகும். "எம்சிபி வீக் ஆயிடுச்சு, 32 போட்டுடலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். போட்டதும் ட்ரிப் நின்றுவிடும். பிரச்சினை தீர்ந்தது போல இருக்கும்.

எம்சிபி காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. பைப்புக்குள் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாங்குவது ஏறக்குறைய 18 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி சரியான காவல்காரன். அங்கே 32 போட்டால், வயர் கருகும் அளவுக்குக் கரண்ட் போனாலும் எம்சிபி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய எம்சிபி வேண்டுமென்றால் முதலில் பெரிய வயர் இழுக்க வேண்டும். வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் மாற்றச் சொல்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ட்ரிப் ஆகவில்லை என்பதும் பாதுகாப்புக்கு முழு உத்தரவாதம் இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி 16-ஐத் தாண்டியதும் டக்கென்று விழுந்துவிடாது. தர விதிகளின்படி 18 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது, 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். கொஞ்சம் கூடுதலாக, ரொம்ப நேரம் போகும் கரண்ட்டைக் கண்டுபிடிக்க அதற்கு நேரம் ஆகும். லூஸ் ஸ்க்ரூவில் உண்டாகும் சூடு அதன் கண்ணிலேயே படாது.

லோ வோல்டேஜில் கரண்ட் கூடுமா?

கூடும். ஃபேன், பழைய குண்டு பல்பு போன்றவை வோல்டேஜ் குறைந்தால் மெதுவாக ஓடும், மங்கலாக எரியும். மைனிங் மெஷினின் பவர் சப்ளை அப்படியில்லை. அதற்கு 3,250 வாட் வேண்டும் என்றால் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் அதை ஈடுகட்ட அதிக ஆம்பியரை இழுக்கும். 230 வோல்ட்டில் 14 ஆம்பியர் எடுத்தது, 200 வோல்ட்டில் 16 ஆம்பியரைத் தாண்டும். வயரில், முனைகளில் உண்டாகும் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

சென்னையில் வோல்டேஜ் எப்போது இறங்கும் என்று சொல்லவே தேவையில்லை. மே மாத ராத்திரி, தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. சுவரே சூடாக இருக்கும் அந்த நேரத்தில்தான் வயர் தாங்கும் அளவும் குறையும். வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரமும் அதுதான்.

அப்படியென்றால் வயரிங் எப்படி இருக்க வேண்டும்?

முதல் விதி, ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைன். டிபி பாக்ஸிலிருந்து நேராக மெஷின் இருக்கும் இடத்துக்கு, நடுவில் வேறு எந்த பாயிண்ட்டும் இல்லாமல்.

நாள் முழுக்க ஓடும் லோடுக்கு, லைனின் அளவில் 80 சதவீதம் வரைதான் பயன்படுத்துவது என்பது எலக்ட்ரிகல் வேலையில் உள்ள பாதுகாப்பான கணக்கு. 14 ஆம்பியர் எடுக்கும் மெஷினுக்கு 20 ஆம்பியர் எம்சிபி, அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். பைப்புக்குள் இந்த வயர் ஏறக்குறைய 24 ஆம்பியர் தாங்கும். ஒரே பைப்பில் இரண்டு மூன்று மெஷின்களின் லைன் சேர்ந்து போனால் ஒன்றின் சூடு மற்றொன்றைச் சுடவைக்கும். அப்போது 6 சதுர மில்லிமீட்டருக்குப் போக வேண்டும், அல்லது தனித்தனி பைப் போட வேண்டும். நியூட்ரல் வயரும் அதே சைஸில் இருக்க வேண்டும். நியூட்ரலுக்குச் சின்ன வயர் போட்டு மிச்சம் பிடிப்பது பழைய பழக்கம், இங்கே அது உதவாது.

எஸ்19 போன்ற மெஷின்களில் இரண்டு பவர் கார்டு இருக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 அல்லது 10 ஆம்பியருக்கானது. இரண்டு கார்டுக்கும் சுவரில் தனித்தனி 16 ஆம்பியர் சாக்கெட் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 7 ஆம்பியர்தான் போகும், சாக்கெட்டுக்கும் நிம்மதி. கார்டும் 10 ஆம்பியர் என்று அச்சிட்ட, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மானிட்டருக்குக் கொடுக்கும் மெல்லிய கார்டு பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், உள்ளே செம்பு பாதிதான். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இந்த மெஷினைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து எர்த். மெஷினின் உடம்பு முழுக்க உலோகம். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர், கொஞ்சம் கரண்ட்டை எப்போதும் எர்த்துக்கு அனுப்பும், அதன் வடிவமைப்பே அப்படி. எர்த் சரியாக இருந்தால் தெரியாது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பேருக்கு இருக்கும், பின்னால் வயரே இருக்காது. அப்போது மெஷினைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கும். செருப்பு போட்டுக்கொண்டு தொடுவது இதற்குத் தீர்வு இல்லை. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை வருஷம் ஆச்சு என்று அசோசியேஷனில் கேட்டுப் பாருங்கள்.

இதே ஃபில்டர் கரண்ட் இன்னொரு தலைவலியையும் தரும். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவைப் பார்த்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும். நான்கைந்து மெஷின்களின் சின்னச் சின்னக் கசிவு ஒன்றாகச் சேர்ந்தால் எந்தத் தப்பும் இல்லாமலேயே அது விழ ஆரம்பிக்கும். உடனே "ஆர்சிசிபியைத் தூக்கிடுங்க" என்பார்கள். தூக்கினால் பாத்ரூம் கீசருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு போய்விடும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஆர்சிபிஓ போடுவதுதான் சரி. எம்சிபி வேலையையும் ஆர்சிசிபி வேலையையும் சேர்த்துச் செய்யும் ஒரே சுவிட்ச் அது. விலை கூடுதல்தான், மெஷின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறை.

சிங்கிள் ஃபேஸ் போதுமா, த்ரீ ஃபேஸ் வேண்டுமா?

தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். ஒரு மெஷினே 3.25 கிலோவாட் சாப்பிட்டுவிட்டால், மிச்சத்தில் ஒரு ஏசி கூட அடங்காது. ஆக இரண்டாவது மெஷின் என்ற பேச்சு வந்தாலே த்ரீ ஃபேஸ்தான். மூன்று மெஷின் என்றால் 9.75 கிலோவாட், வீட்டு லோடு தனி. கூடுதல் லோடுக்கு மின் பகிர்மானக் கழகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அவர்கள் சர்வீஸ் வயர் தாங்குமா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

த்ரீ ஃபேஸ் இருந்தாலும் மெஷின்களை ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட வேண்டும். எல்லாம் ஒரே ஃபேஸில் இருந்தால் த்ரீ ஃபேஸ் வாங்கியதே வீண். இங்கே சென்னை வீடுகளுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: ஃபேஸ் செலக்டர் சுவிட்ச். ஒரு ஃபேஸ் போனால் அடுத்த ஃபேஸுக்குத் திருப்பி ஃபேன், லைட்டை ஓட்டுவோமே, அதுதான். மெஷின் இருக்கும் லைனையும் அதில் சேர்த்திருந்தால், ஒரு திருப்பலில் இரண்டு மெஷினின் லோடும் ஒரே ஃபேஸில் போய் உட்காரும். மெஷின் லைன்கள் அந்த சுவிட்சுக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த ஃபேஸ் போனால் மெஷினும் நிற்கட்டும்.

நியூட்ரல் லூஸாவது இதைவிட மோசம். த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் சில பாயிண்ட்டுகளில் 230-க்குப் பதில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே நொடியில் காலி.

வயரிங் மட்டும் போதுமா?

சூடும் சத்தமும் பாக்கி இருக்கின்றன. மெஷின் எடுக்கும் 3,250 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி ஓர் அறையிலிருந்து எவ்வளவு சூட்டை வெளியேற்றுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூட்டை ஒரே மெஷின் உள்ளே கொட்டும். ஏசி போட்டுக் குளிர வைத்தால் அதற்கும் சேர்த்து கரண்ட். உள்ளே போகும் காற்று 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் எல்லை. அக்னி நட்சத்திர நாளில் மொட்டை மாடி ஷெட்டில் இது நடக்காத காரியம்.

சத்தம் 75 டெசிபல் அளவு, வேக்குவம் கிளீனரை நிறுத்தாமல் ஓட்டுவது மாதிரி. குடியிருப்புப் பகுதியில் இரவில் அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். பக்கத்து ஃபிளாட்காரர் புகார் கொடுத்தால் உங்கள் பக்கம் பேச ஒன்றுமில்லை.

ஈபி பில் எவ்வளவு வரும்?

இதைப் படித்தபிறகு மெஷின் ஆசையே போய்விடலாம். 3,250 வாட் மெஷின் ஒரு நாளுக்கு 78 யூனிட் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு 4,680 யூனிட். 2024 ஜூலை கட்டணப் பட்டியல்படி வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 80 காசு. 100 யூனிட் இலவசம் எல்லாம் இந்த வெள்ளத்தில் ஒரு சொட்டு. வீட்டுச் செலவு 500 யூனிட் என்று சேர்த்தால் மொத்தம் 5,180 யூனிட், பில் 56,000 ரூபாயைத் தாண்டும். அடுத்தடுத்து சேர்க்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் இன்னொரு 55,000 ரூபாய்.

வரவு என்ன? உலகம் முழுக்க ஒரு நாளைக்குக் கிடைக்கும் புதிய பிட்காயின் சுமார் 450. உலகின் மொத்த மைனிங் திறன் 2025-ல் ஒரு ஜெட்டாஹாஷ் என்ற அளவைத் தொட்டது. அந்த அளவில், 110 டெராஹாஷ் திறனுள்ள எஸ்19 ப்ரோவின் பங்கு இரண்டு மாதத்துக்கு 0.003 பிட்காயின்தான். ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் வருவது 30,000 ரூபாய். செலவு 55,000. புதிய எஸ்21 மெஷினில் கூட இதே கணக்கில் வரவு 54,000, கரண்ட் செலவு 59,000. மெஷின் விலை, வயரிங் செலவு, ஏசி எதையும் இதில் சேர்க்கவில்லை.

வரியும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்காகச் செய்யும் கட்டமைப்புச் செலவை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்று மத்திய நிதித்துறை இணை அமைச்சர் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார்.

வீட்டு மீட்டரில் ஓட்டினால் சட்டச் சிக்கல் வருமா?

இந்தியாவில் கிரிப்டோ மைனிங்குக்குத் தடை இல்லை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பில் வருமானத்துக்காக நாலைந்து மெஷின் ஓட்டுவதை வணிகப் பயன்பாடாக மின்வாரியம் எடுத்துக்கொள்ளலாம். மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவு, அனுமதித்த நோக்கத்தைத் தவிர வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் இரண்டு மடங்கு கட்டணம் விதிக்க வழி செய்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குப் போடலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய மீட்டர் திடீரென 5,000 காட்டினால் ரீடிங் எடுக்க வருபவரே கவனித்துவிடுவார். எனவே முதலிலேயே ஏ.இ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, வணிக இணைப்பு வாங்கிவிடுவது நல்லது.

பில்லைப் பார்த்துப் பயந்து, மோட்டாரும் மாடிப்படி லைட்டும் ஓடும் பொது மீட்டரில் மெஷினைக் கோர்ப்பதோ, மீட்டருக்கு முன்னாலேயே வயர் எடுப்பதோ வேறு கதை. மீட்டரைத் தவிர்த்து எடுப்பது 135-வது பிரிவின்படி மின்திருட்டு, மூன்று ஆண்டு வரை சிறை. பொது மீட்டரில் எடுத்தால் அது பக்கத்து வீட்டுக்காரர்களின் பணம்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு மலேசியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. சரவாக் மாநிலத்தின் மிரி நகரில் 2021-ல் மின்சாரம் திருடி மைனிங் செய்தவர்களிடமிருந்து 1,069 மெஷின்களைப் போலீஸ் பறிமுதல் செய்து, ஜூலையில் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியது. அந்த வீடியோ நம்மூர் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. வீடியோவில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. திருட்டு இணைப்புகளால் அந்த ஊரில் அந்த ஆண்டு மூன்று வீடுகள் எரிந்து நாசமானதாக போலீஸ் கூறியது. திருடிய மின்சாரத்தின் மதிப்பு 84 லட்சம் ரிங்கிட்.

ஏற்கெனவே மெஷின் ஓடிக்கொண்டிருந்தால்?

மெஷின் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சாக்கெட் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், மெஷினை முதலில் அதன் செட்டிங்ஸில் நிறுத்தி, பிறகு எம்சிபியை ஆஃப் செய்யுங்கள். ஓடும்போதே பிளக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, அங்கே தீப்பொறி பறக்கும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை அழைத்து, டிபி பாக்ஸ் முதல் கீழே மீட்டர் போர்டு வரை எல்லா முனைகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஓடும் லோடு என்றால் இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். மீட்டருக்கு முந்தைய பகுதியிலோ, தெருவில் இருக்கும் பில்லர் பாக்ஸிலோ கருகல் வாடை வந்தால் அதை நீங்கள் தொடாதீர்கள், 'மின்னகம்' எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

புகை வந்துவிட்டால் மெயினை ஆஃப் செய்யுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு, மாடியில் இருப்பவர்களையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்து 101-க்கு அழையுங்கள். தீ அணைந்துவிட்டாலும் எலக்ட்ரிஷியன் வந்து வயரைச் சோதிக்கும் வரை அந்த லைனை மறுபடி ஆன் செய்யக் கூடாது.